டிஸ்க் மாற்றியபின் பூட் ஆகாத சர்வர்: கேட்பதற்கு முன் பாருங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். டிஸ்க் மாற்றியபின் சர்வர் ஏன் பூட் ஆகவில்லை (இயங்கத் தொடங்கவில்லை) என்ற கேள்வி அடிக்கடி வருவதால் பொதுவாக எழுதி வைக்கிறேன்.

பயாஸில் (சர்வரை இயக்கியதும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) புதிய டிஸ்க் தெரிகிறதா? தெரியாவிட்டால் கேபிளைச் சரிபாருங்கள். சில புதிய சாட்டா டிஸ்க்குகள், மின் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சுழலவே சுழலாது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தெரிந்தும் பூட் ஆகாவிட்டால் பூட் வரிசையையும் (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்பது), யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையா லெகசி என்ற பழைய முறையா என்பதையும் பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றினாலே வரிசை மாறிவிடுவதுண்டு.

லினக்ஸ் மென்பொருள் ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை) வைத்திருப்பவர்கள்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள். தரவு இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும். ஆனால் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப், யூஇஎஃப்ஐ பூட் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பகுதி ஆகியவை பெரும்பாலும் முதல் டிஸ்க்கில் மட்டுமே இருக்கும். அதைக் கழற்றினால் தரவு பத்திரம், பூட் மட்டும் கிடையாது. யூஎஸ்பி லினக்ஸில் பூட் செய்து, டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் சென்று கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவுங்கள். பாதி பூட் ஆகி அவசரநிலைத் திரையில் நின்றால் எந்த டிஸ்க் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள்: எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர்கள் இடம் மாறக்கூடியவை, பகுதியின் அடையாள எண்ணான யூயூஐடி மாறாது.

மென்பொருளுக்குப் பதில் ரெய்டு கார்டு வைத்திருந்து, அது ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ (டிஸ்க்கில் இருப்பது தான் அறியாத ரெய்டு அமைப்பு) என்று காட்டினால் ‘கிளியர்’, ‘இனிஷியலைஸ்’ இரண்டையும் தொடவே வேண்டாம். பழைய டிஸ்க்குகள் எல்லாம் உள்ளனவா என்று உறுதி செய்தபின் ‘இம்போர்ட்’ கொடுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் திரையின் படத்தோடு குழுவில் கேளுங்கள். “வேலை செய்யவில்லை” என்ற ஒற்றை வரிக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.