விடியற்காலையில் விளக்கணைத்தவர்களுக்கு

அன்புள்ள கடற்கரை ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். ஜூன் 24 வெள்ளிக்கிழமை, விடியற்காலை மூன்றரை மணிக்கு இரண்டு வேன்களில் வந்திறங்கி உங்கள் தெரு நாய்களையெல்லாம் குரைக்க வைத்தது நாங்கள்தான். திருவாரூர் பக்கத்துப் பிள்ளைகள் 26 பேர், பெற்றோர் சிலர், கால் ஆடும் தொலைநோக்கி ஒன்று, அப்புறம் ஆசிரியன் நான். அன்று அவசரத்தில் சரியாக நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டோம். ஒன்பதரைக்குப் பள்ளியில் மணி அடித்துவிடுவார்கள்.

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து கோள்களும் சூரியனிலிருந்து எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில் 2022 ஜூன் மாத விடியல் வானில் நின்றன. நான்கைப் பார்க்க எங்கள் பள்ளி மொட்டைமாடியே போதும். வம்பு செய்தது புதன். கையை நீட்டி மூடிய முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், ஐந்து மணிக்கு அதன் உயரம்கூட வராது. அதற்கு மேல் ஏறுவதற்குள் வானம் வெளுத்துவிடும். எங்கள் ஊரில் அந்த உயரத்தில் தென்னைதான் நிற்கிறது.

கடற்கரையில் ஒரு விடுதி மொட்டைமாடியைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டார்கள். சரி, நாமே தேடுவோம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு நாகைக் கரையோரம் அலைந்தேன். ஓரிடத்தில் சவுக்குத் தோப்பு மறைத்தது. இன்னோரிடத்தில் ஹைமாஸ்ட் விளக்கு பட்டப்பகல் போல் எரிந்தது. உங்கள் ஊர் வலைப்பின்னும் கூடத்தில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெரியவர் விசாரித்தார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "முன்னாடி எப்ப இப்படி வந்துச்சு தம்பி?" என்றார்.

பாடம் ஒப்பிப்பதுபோல் "2004 டிசம்பர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்தக் கரையில் உட்கார்ந்து சொல்கிறேன் என்பது உறைத்தது. அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்த மாசம் விடியக்காலம் எல்லாம் கடல்லதான் கெடந்தேன். வெள்ளி நல்லாத் தெரிஞ்சுது. மத்தது பேரு தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, முகத்துவாரத்துக்குத் தெற்கே மேடாக இருக்கும் மணல் திட்டுக்குக் கூட்டிப்போனார். வடகிழக்கில் ஒரு மரம் கிடையாது. நான் அலைந்து திரிந்து தேடிய இடம், அவர் தினமும் காற்று பார்க்கும் இடம்.

(பிறகு பெற்றோர் சிலரும் கோள் வரிசையையும் அந்த மாதச் சுனாமியையும் முடிச்சுப்போட்டுப் பயந்தார்கள். சுனாமி வந்தது சுமத்ரா அருகே கடலடியில் நடந்த நிலநடுக்கத்தால். இந்த வரிசைகூட நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் வரிசை. கோள்கள் வெவ்வேறு தூரத்தில் அவரவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.)

ஊர்ப் பஞ்சாயத்தாருக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறோம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பத்தே நாள். படகு கரைக்கு வரும் நேரம். அதிலும் நாலரையிலிருந்து ஐந்தேகால் வரை ஏலக்கூடத்து விளக்கை அணைத்துத் தந்தீர்கள். செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நெத்திலியைக் கூறு போட்ட அக்கா, நீங்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நியாயம்தான். ஆனாலும் டார்ச் அடித்த பையனை நீங்களே அதட்டி அணைக்க வைத்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இருட்டில் முதலில் கிடைத்தவை சுலபமானவை. தென்மேற்கில் உயரே சனி, உச்சிக்குச் சற்றுக் கிழக்கே வியாழன், அதற்குக் கீழே சிவப்பாகச் செவ்வாய், இன்னும் கீழே கண்ணைப் பறிக்கும் வெள்ளி. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே தேய்பிறை நிலா. வரிசைப்படி அது பூமி நிற்க வேண்டிய இடம் என்றேன். "அப்ப நம்ம எடத்துல நிலா உக்காந்துருக்கா சார்?" என்று கேட்டாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. நான் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது.

புதனைத்தான் காணோம். கடலுக்கு மேலே ஒரு பட்டை மேகம். ஐந்து மணி தாண்டியதும் ஒரு பையன் கீழே ஒரு புள்ளியைக் காட்டினான். நான் பார்த்துவிட்டு, "படகு விளக்குடா" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "போட்டு லைட்டு ஆடும் தம்பி. அது ஆடல."

ஆடவில்லை. தொலைநோக்கியைத் திருப்பினேன், புதனேதான். 26 பேரும் பார்த்து முடிக்கும் வரை வானம் பொறுத்துக்கொண்டது. பெரியவர் மட்டும் தொலைநோக்கியில் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். கண்ணுக்குத்தான் தெரியுதே என்றார்.

மூன்றே முக்காலுக்கே அடுப்பு மூட்டி, பிள்ளைகளின் பாலுக்குக் காசு வாங்க மறுத்த டீக்கடை அண்ணனுக்கும், திரும்பும்போது வேன் சக்கரம் மணலில் புதைய, கயிறு போட்டு இழுத்த இளைஞர்களுக்கும் எங்கள் நன்றி.

அண்ணே, நீங்கள் விரிக்கக் கொடுத்த தார்ப்பாய் தவறிப்போய் எங்கள் வேனிலேயே வந்துவிட்டது. துவைத்து வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். திட்டில் நீல வார்ச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தால் டீக்கடையில் எடுத்து வையுங்கள். அது புதனை முதலில் பார்த்த பையனுடையது.

இப்படிக்கு,
பிள்ளைகள் சார்பில், அவர்களின் அறிவியல் ஆசிரியர்