ரேக் காலி, சரி. எங்கள் பெட்டி எங்கே?

கன்டெய்னர் ரயிலுக்கு ஏற்றி இறக்கும் நேரம் குறித்துக் கொடுக்கும் முனைய அதிகாரிகளுக்கு,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். இறால், நண்டு ஏற்றுமதி செய்பவர்களுக்கு டிரெய்லர் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். காலி ரீஃபர், அதாவது குளிரூட்டும் கன்டெய்னர் பெட்டி, ரயிலில் வந்து இறங்க வேண்டும், அதை இங்கே கொண்டுவந்து சரக்கு ஏற்றி, கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆறு மணிக்கு ரயில், ஒன்பது மணிக்குப் பெட்டி ரெடி என்று தகவல் வரும். விடிந்த பிறகும் டிரைவர் கேட்டில்தான் நிற்பார்.

ஒரு முழு ரேக், அதாவது வேகன்கள் கோத்த ஒரு முழு ரயில் என்றால் 45 வேகன், 90 டிஇயூ. டிஇயூ என்பது 20 அடிப் பெட்டிக் கணக்கு, 40 அடிப் பெட்டி ஒன்று இரண்டு டிஇயூ. அந்த 90-ஐ வைத்து நேரம் போட்டால் எப்படிச் சரிவரும்? பெட்டி தூக்கும் வண்டியான ரீச் ஸ்டாக்கர் தூக்குவது டிஇயூவை அல்ல, பெட்டியை. எல்லாம் 20 அடி என்றால் 90 தூக்கு, 40 அடி என்றால் 45. ஒன்றுக்கு 4 நிமிடம் வைத்தாலே முன்னதற்கு 6 மணி நேரம், பின்னதற்கு 3. அதே ரேக்கில் திரும்ப ஏற்றியும் அனுப்புவதென்றால் இன்னொரு மடங்கு. இரண்டாவது ஸ்டாக்கர் விட்டால் பாதியாகிவிடும் என்பீர்கள். ஒரே ஒடுங்கிய தளத்தில் ஒன்றுக்கு ஒன்று வழிவிட்டு நிற்கிற நேரத்தை யார் கணக்கில் எடுப்பது? லைன் நீளம் பத்தாமல் ரேக்கை இரண்டாக வெட்டி ஷன்டிங் செய்வது, சீல் நம்பர் சரிபார்ப்பது எல்லாம் வேறு.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ரேக் காலியானதும் உங்கள் கடிகாரம் நின்றுவிடுகிறதே, அதுதான் பெரிய தொல்லை. வேகனைக் கூடுதல் நேரம் பிடித்து வைத்தால் ரயில்வே டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் போடும், அதனால் எப்படியாவது இறக்கி, கிடைத்த இடத்தில் அடுக்கிவிடுகிறார்கள், நியாயம்தான். அப்புறம் எங்கள் பெட்டி அடியில் மாட்டிக்கொள்ளும், மேலே உள்ள இரண்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தால்தான் அதைத் தொடவே முடியும். எடுத்த பிறகும் உடனே ஏற்ற முடியாது. பிளக் போட்டு, மெஷினை ஓடவிட்டு, கேட்ட குளிர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மைனஸ் 18-ல் போக வேண்டிய சரக்கு, பார்க்காமல் ஏற்றச் சொல்ல எங்களுக்கும் தைரியமில்லை.

ஆகவே ரேக் காலியாகும் நேரம், பெட்டி கேட்டைத் தாண்டும் நேரம் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரே மணியாக வேண்டாம், இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று சொன்னால் போதும். ஆண்டுச் சராசரியையும் விட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகே போகாத அந்த இரண்டு மாத மந்தத்தையும் சேர்த்துப் போட்ட சராசரி, படகெல்லாம் கடலுக்குப் போய் எல்லோரும் ஒரே சமயத்தில் ரீஃபர் கேட்கும் ஜூன் கடைசியில் எதற்கு உதவும்?

கூடவே, யார் பெட்டி எந்த அடுக்கில், எத்தனையாவதாக இருக்கிறது என்று இறக்கி முடித்ததும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கிருந்து வண்டியைக் கிளப்பிக்கொள்கிறோம்.