வீட்டுக்கு பத்து கோழி வளர்க்கிறவங்களையும் கணக்குல எடுங்க: கால்நடை ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை விஞ்ஞானிகளுக்கும் டாக்டர்களுக்கும் வணக்கம்.

மாதவரத்துல, நாமக்கல்ல, ராணிப்பேட்டைல கோழி நோய் பத்தி ஆராய்ச்சி பண்ற எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். விஷயம் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். சித்திரை பொறந்துட்டா எங்க பக்கம் கோழி வெச்சிருக்கிற பொம்பளைங்களுக்கு வயித்துல புளியக் கரைக்கும். காலைல பஞ்சாரத்தத் தூக்குனா எல்லாம் இரைக்கு ஓடும், ஒண்ணு மட்டும் றெக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருக்கும், பச்சையும் வெள்ளையுமா கழியும், பொழுது சாயறதுக்குள்ள வாயத் தொறந்து மூச்சு இழுக்க ஆரம்பிச்சிரும். அதுல தப்பிப் பொழைக்கிற ஒண்ணு ரெண்டுக்கும் கழுத்து திருகிக்கும், தானியத்தக் கொத்தப் போயி பக்கத்து மண்ணக் கொத்திக்கிட்டு நிக்கும். ஒரு வாரத்துல தெருவுல கோழிச் சத்தமே இருக்காது.

போனது கோழி மட்டும் இல்லங்க. ஆடு மாடு வித்த காசு ஆம்பளைங்க கைக்குப் போகும், கோழியும் முட்டையும் வித்த காசுதான் எங்க அம்மாமாருங்க கையில நிக்கிற காசு. புள்ளைங்க நோட்டுப் புக்கு, திடீர்னு வர்ற காய்ச்சல், சீட்டுப் பணம் எல்லாம் அதுலதான்.

இது காரணம் தெரியாத நோயும் இல்ல. 1920கள்லயே ஜாவாவுலயும் இங்கிலாந்து நியூகாசில்லயும் கண்டுபிடிச்சாங்க, கொஞ்ச நாள்லயே நம்ம உத்தராகண்ட் குமாவுன் மலையில ராணிக்கெட்ங்கிற ஊர்லயும் பாத்தாங்க. 1940கள்ல அதே பக்கம் முக்தேஸ்வர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துல ஆர்2பிங்கிற தடுப்பூசிய உருவாக்குனாங்க. ராணிப்பேட்டைல கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கிற நிலையம் 1932ல இருந்து இருக்கு, தடுப்பூசி நம்ம ஊர்லயே தயாராகுது. வைரஸ் தெரியும், மருந்து இருக்கு, அப்புறம் ஏன் வருஷா வருஷம் கொத்துக் கொத்தா சாகுது? என் கேள்வி இவ்வளவுதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு காரணத்த சொல்றேன். வருஷத்துக்கு ஒரு தடவ பிப்ரவரில கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்குது, நல்ல விஷயம், நன்றி. ஆனா அதுல றெக்கைக்கு அடியில போடுற ஊசி 8 வாரம் தாண்டின கோழிக்குத்தான், அதுக்கும் சின்னதுக்குப் போட்டா ஊசியே நோயாயிரும்னு உங்களுக்குத் தெரியும். நாட்டுக்கோழி முகாம் தேதி பாத்தா அடைக்கு உக்காருது? தையில பொரிச்ச குஞ்சு முகாம் அன்னைக்கு வயசு பத்தாதுன்னு திரும்பி வந்துரும், மாசியில பொரிச்சது அன்னைக்குப் பொறந்திருக்கவே இருக்காது. குஞ்சுக்கு தாய்க்கோழிகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி சில வாரத்துல தீந்துரும், ரெண்டு கூட்டமும் சரியா வெயில் ஏறுற நேரத்துல எந்தப் பாதுகாப்பும் இல்லாம நிக்கும், நோய் வந்தா மொதல்ல போறது அதுங்கதான். முகாம்ல எத்தன கோழிக்கு ஊசி போட்டோம்னு எண்ணுறோம், அதுக்கப்புறம் பொறந்த குஞ்ச யாரும் எண்ணுறது இல்ல.

குஞ்சுக்கு மொத வாரத்துல விடுற லசோட்டாங்கிற கழிச்சல் தடுப்பு சொட்டு மருந்து இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு. ஒரு குப்பி 100 டோஸ், எங்க அத்தை வீட்டுப் பஞ்சாரத்துல 9 குஞ்சு. கடையில இருந்து ஊருக்கு வர்ற வரைக்கும் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வெக்கணும், கலக்குனா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும். அந்த நேரத்துல மீதி 91 குஞ்சுக்கு அவங்க எங்க போவாங்க? ஆயிரக்கணக்குல கோழி வெச்சிருக்கிற பண்ணைக்கு இந்தக் குப்பி பொருந்தும், அவங்க குடிக்கிற தண்ணியில கலந்து விட்டுருவாங்க. இந்த மருந்த யார மனசுல வெச்சு செஞ்சாங்கன்னு குப்பியப் பாத்தாலே தெரியுது.

வழி இல்லாம இல்ல. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல பீட்டர் ஸ்பிராட்பிரோ குழு தடுப்பு மருந்துக்காக ஐ-2னு சூடு தாங்குற ஒரு வைரஸ் வகைய பிரிச்செடுத்து, ஏழை நாடுங்க சொந்தமா தயாரிச்சுக்கட்டும்னு குடுத்தாங்க. மொசாம்பிக்ல ஊர்க்காரங்களுக்கே பயிற்சி குடுத்து, பொம்பளைங்களும் சேந்து, மார்ச், ஜூலை, நவம்பர்னு வருஷத்துக்கு மூணு தடவ கோழி கண்ணுல அந்த மருந்த ஒரு சொட்டு விட்டுட்டுப் போறாங்க. அவ்வளவு தூரம் ஏன், நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே டி58ங்கிற வைரஸ் வகைய வெச்சு தீனி மாதிரி குடுக்குற குருணை மருந்து உருவாக்கியிருக்கு. அத படிச்ச அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா தீனியில போட்டா பெரிய சேவல் முந்தி வந்து மொத்தத்தையும் கொத்திட்டுப் போயிரும், குஞ்சுங்களுக்கு சரியான அளவு போய்ச் சேராது, அந்தக் கஷ்டம் கோழி வளர்க்கிறவங்களுக்கும் நல்லாத் தெரியும். அப்ப குஞ்ச தனியா அடைச்சு வெச்சுப் போடணுமா, எத்தன நாள் போடணும், கண்ணுல விடுற சொட்டுதான் மேலா, இத லேப்ல மட்டும் இல்லாம எங்க தெருவுலயும் வந்து சோதிச்சுப் பாருங்க. கோழி பிடிச்சுக் குடுக்க நாங்க இருக்கோம்.

நாட்டு மருந்தப் பத்தியும் ஒண்ணு கேக்கணும். கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைச்சு உருட்டிக் குடுக்கிறது எங்க வீட்லயும் உண்டு. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாதுன்னு தெரியாம மெடிக்கல்ல மாட்டு ஊசி மருந்து வாங்கிக் குடுக்கிறவங்களும் உண்டு. ஊசி போட்ட கோழி, நாட்டு மருந்து குடுத்த கோழி, ஒண்ணும் குடுக்காத கோழின்னு பிரிச்சு சோதிச்சு என்ன முடிவு வந்தாலும் தமிழ்ல சொல்லுங்க. பலன் இல்லன்னாலும் பலன் இல்லன்னே சொல்லுங்க, நாங்க ஏத்துக்குவோம். உங்க ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலீஷ்ல ஜர்னல்ல போயிருது, எங்களுக்கு வர்றது வாட்ஸ்அப் வைத்தியம்தான்.

அதனால, பெரிய திட்டம் எல்லாம் அப்புறம் இருக்கட்டும். ஒரே ஒரு ஒன்றியத்த எடுங்க. மகளிர் குழுவுல ஊருக்கு ரெண்டு பேருக்கு சொட்டு விடப் பயிற்சி குடுங்க, 10 இல்ல 20 டோஸ் குப்பி குடுங்க, நாலு மாசத்துக்கு ஒரு தடவ போட வைங்க. பக்கத்து ஒன்றியத்துல பிப்ரவரி முகாம் மட்டும் நடக்கட்டும். ஆடி மாசம் ரெண்டு எடத்துலயும் வீடு வீடாப் போயி பொரிச்ச குஞ்சுல எத்தன மிஞ்சுச்சுன்னு எண்ணுங்க. எண்ணுற வேலைக்கு ஆள் பத்தலன்னா சொல்லி அனுப்புங்க, எங்க குழுவுல இருந்து வர்றோம்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கிற ஒரு வீட்டுப் பொண்ணு