சூடேறும் டிராக்டர் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ வாங்கிய பழைய சிறு டிராக்டரில் புல் வெட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்குகிறது என்றும், வாட்டர் பம்பை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். பம்பின் அடிப்பக்கத்துச் சிறு துளையில் நீர் சொட்டாமலும், விசிறியைப் பிடித்து அசைத்தால் தண்டு ஆடாமலும் இருந்தால், பெல்ட்டின் இறுக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு அதை இப்போதைக்கு விட்டுவிடு.

முதலில் கவனிக்க வேண்டியது நீரை அன்று, காற்றை. முன்புற வலை துப்புரவாகத் தெரிந்தாலும், அதற்குப் பின்னால், இன்ஜினின் சூடான நீரை ஆற்றும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே புல்தூளும் உமியும் அடைந்து, எண்ணெய்க் கசிவும் சேர்ந்திருந்தால் களிமண்ணாகவே இறுகியிருக்கும். பெரும்பாலான சிறு டிராக்டர்களில் விசிறி முன்புறக் காற்றை இன்ஜினை நோக்கி இழுப்பதால் அழுக்கும் முன்னிருந்தே உள்ளே செல்கிறது. எனவே இன்ஜின் ஆறிய பிறகு விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி நீர் அடிக்க வேண்டும், எதிர்த் திசையில் அடித்தால் அழுக்கை இன்னும் ஆழமாகத் திணித்ததாகவே முடியும். சாதாரணக் குழாய் நீரின் வேகமே போதும். உயரழுத்த இயந்திரம் தகடுகளை மடக்கிவிடும்.

அடுத்து, பழைய நீரை முழுவதும் வடித்துவிடு. பலர் ரேடியேட்டரின் அடித் திருகை மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிதிருகையும் திறந்தால்தான் உள்ளே தங்கியிருக்கும் துருநீர் வெளியேறும், அங்கே ஒன்றும் வராவிட்டால் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார். தெளிந்த நீர் வரும்வரை அலசியபின், எத்திலீன் கிளைகால் கூலன்ட்டையும் (குளிர்விக்கும் திரவம்) உப்பு நீக்கிய நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்று. உறைபனி இல்லாத இடத்தில் வெறும் நீரே போதும் என்று சொல்பவர்கள், கூலன்ட்டிலுள்ள துருத் தடுப்பு மருந்தை மறந்துவிடுகிறார்கள். கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு, ஏனெனில் கிளைகால் நீரைவிடக் குறைவான வெப்பத்தையே சுமக்கும். ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்தே, குளிர்ந்த இன்ஜினை முடுக்கி ஓட்டு. தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வு) திறந்து மேற்குழாய் சூடானதும், சிக்கியிருந்த காற்று வெளியேறி மட்டம் இறங்கக்கூடும், அப்போது மீண்டும் நிரப்பு.

மூடியை யாரும் ஒரு உறுப்பாகவே மதிப்பதில்லை. அது ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் நீர்கூட 118 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், ஆகவே அதே அழுத்த எண் உள்ள புதிய மூடி வாங்கு. அந்த அழுத்தத்தின் காரணமாகவே சூடான ரேடியேட்டரை ஒருபோதும் திறக்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்களின் பேச்சையும் கேட்காதே. வெந்நீரில் போட்டு, அதன்மேல் பொறித்த வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முள்ளை முழுவதும் நம்பாதே. அதன் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் வற்றிவிட்டால் இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போதும் அது கீழேயே நிற்கக்கூடும். ஆகையால் ஒவ்வொரு நாளும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, மட்டத்தைக் கண்ணால் பார்.

வடித்த கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாய்களோ குழந்தைகளோ அணுகாதபடி மூடியுள்ள கலனில் பிடித்து வை. இவ்வளவும் செய்த பிறகும் சூடேறினால், குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்த நிலையில் முடுக்கி, ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் விடாமல் வருகின்றனவா என்று பார்த்து எழுது. வந்தால் ஹெட் காஸ்கெட்டையே, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகட்டையே, சந்தேகிக்க வேண்டும். அதைக் கழற்றுவதற்கு முன் என்னிடம் பேசு.

அன்புடன்,
அம்மா