ஆண்டறிக்கை 2025: சலூன் கதிரையும் ஆண்களின் உயிரும்

தலைவர் அவர்களே, மூத்த முடிதிருத்தும் தொழிலாளர்களே, மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கடைகளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

சந்தா, கட்டணப் பட்டியல், செவ்வாய் விடுமுறை எல்லாம் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். துவாய், பிளேட் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன குறைகள் பெரும்பாலும் திருத்தப்பட்டுவிட்டன. நான் விரிவாகப் பேச விரும்புவது, கடைக்கு வரும் ஆண்களின் மனக்கஷ்டத்தைக் கேட்டறிந்து உதவிக்குச் சேர்ப்பிக்கவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் நாம் நடத்தும் ஆண்கள் நலத் திட்டத்தைப் பற்றி.

"இது டாக்டர்மாரின் வேலை, நமக்கெதற்கு?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். மரண வீட்டுக் கிரியைகளுக்கு நம்மை அழைக்கிறார்கள். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் வீடுகளுக்கும் போயிருக்கிறோம். போன மாதம் நம் கதிரையில் இருந்து வேளாண்மைக் கதை பேசியவர் அங்கே கிடத்தப்பட்டிருப்பார். கடைசியில் கூப்பிடும் ஆட்கள் நாம் என்றால், அதற்கு முன்பும் நமக்கு வேலை இருக்கிறது. இலங்கையில் தற்கொலையால் இறப்போரில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். மனநல கிளினிக் வரிசையில் நிற்க வெட்கப்படும் அதே ஆண் மாதம் ஒருமுறையாவது நம்மிடம் தலையைக் கொடுக்கிறார்.

இங்கிலாந்தில் டொம் சப்மன் என்ற முடிதிருத்துநர், நண்பர் ஒருவரைத் தற்கொலையில் பறிகொடுத்தபின், 2015 இல் 'லயன்ஸ் பார்பர் கலெக்டிவ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மாற்றத்தைக் கவனி, கேள், காதுகொடு, உதவிக்குச் சேர்ப்பி: அவர்கள் கற்பிப்பது இவ்வளவுதான். நமது பயிற்சியிலும் இதையே பின்பற்றினோம். ஒருவர் கதிரையில் இருக்க, மற்றவர் பின்னால் நின்று, "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கேட்டுப் பழக வேண்டும். நாற்பது வருடம் கத்தரி பிடித்த மூத்தவர்களுக்கே அந்த வசனம் வாயில் வரவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி விதைபடாது, கேட்பதால் மனப்பாரம் இறங்கும் என்று பயிற்சி தந்த வைத்தியர் தெளிவாக விளக்கினார்.

அது ஒரு கடையில் உதவியது. ஆளையும் ஊரையும் சொல்ல மாட்டேன். மீசையின் நுனிக்குக்கூடச் சண்டை பிடிக்கும் ஒரு வாடிக்கையாளர், அறுவடை முடிந்த கையோடு வந்து, "எப்படியாவது வெட்டு தம்பி" என்று கண்ணாடியைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். நமது அங்கத்தவர் வானொலியை நிறுத்திவிட்டு, கதிரைக்கு முன்னால் வந்து நேரடியாகக் கேட்டார். கடன் கதை முழுவதும் வெளியே வந்தது. இவர் புத்திமதி சொல்லவில்லை. கடையைச் சாத்தினார், மைத்துனரை வரவழைத்தார், மூவருமாக வைத்தியசாலைக்குப் போனார்கள். அவர் இப்போதும் அதே கடைக்கு வருகிறார், மீசைக்குச் சண்டையும் பிடிக்கிறார்.

கதிரையில் கேட்டது தேநீர்க்கடைக்குப் போகக்கூடாது என்பது நமது விதி. உயிர் ஆபத்து என்றால் மட்டும் அந்த விதி தளரும்: ஆளைத் தனியே விடாமல் வீட்டாரை அழையுங்கள், அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் எல்லாக் கண்ணாடியிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்நாட்டில் குற்றமில்லை. பொலிசுக்குப் பயந்து மறைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

"தலைவிதியை யார் மாற்றுவது?" என்போருக்கும் ஒரு பதில் உண்டு. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தப் பொல்லாத நேரத்தைக் கடத்திவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். வயல்காரர்களிடம் பூச்சிமருந்துப் போத்தலைப் பூட்டி வைக்கச் சொல்வதும் நம்மால் முடிந்த வேலைதான்.

இரத்த அழுத்தம் பார்க்கும் வேலை இந்த அளவுக்குச் சரிவரவில்லை. சில கடைகளில் கருவி வைத்தோம், அழுத்தம் கூடியவர்களை வைத்தியசாலைக்குப் போகச் சொன்னோம், பலர் போகவில்லை. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 52 சலூன்களில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டுகிறது. மருந்தாளர் கடைக்கே வந்து மருந்து எழுதிய இடங்களில் ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 அலகு குறைந்தது. முடிதிருத்துநர் அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் 9 அலகுதான். நாம் மட்டும் சொல்லிப் போதாது, சுகாதாரத் துறை கடை வாசலுக்கு வர வேண்டும்.

ஆகவே, மாதம் ஒரு ஞாயிறு தாதி ஒருவரைக் கடைகளுக்கு அனுப்புமாறு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கேட்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர் எழுந்து பெயரைச் சொல்லவும்.

செயலாளர்