அழிப்பதற்கு முன் நகல் எடுங்கள்

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. அதிலிருந்து உங்கள் கடைகளில் பழைய கம்ப்யூட்டர்கள் குவிகின்றன. வேலை அதிகம், ஆள் குறைவு, தெரியும். ஆனால் எதைத் தூக்கி வந்தாலும் "ஃபார்மட் போட்டுடலாம்", அதாவது உள்ளே இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடலாம் என்ற ஒரே பதில்தானா?

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்களிடம் கேட்டெழுதிய ஒப்பாரிகளையும் நடவுப் பாட்டுகளையும் தானே தட்டச்சு செய்து, டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார். "என் பாட்டெல்லாம் இதுலதான் இருக்கு தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார். "டி டிரைவ்ல கை வைக்க மாட்டோம் சார்" என்றார்கள். டெஸ்க்டாப்பில் தெரிவதெல்லாம், ஃபார்மட்டில் அழியும் சி டிரைவுக்குள் இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும். ஃபோல்டர் போய்விட்டது. பாடிக் கொடுத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அப்பா இனி யாரிடம் போய்க் கேட்பார்?

டி டிரைவில் தப்பிய சில ஃபைல்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாக வந்தன. "கரப்ட் ஆயிடுச்சு, டெலீட் பண்ணிடலாம்" என்றார்கள். கெட்டுப்போகவில்லை ஐயா. அவை வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. ஃபார்மட்டில் அந்த எழுத்துருவும் அழிந்திருந்தது. மறுபடி நிறுவியதும் தமிழ் வந்தது. அன்று நாங்கள் தலையாட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அழிப்பதற்கு முன் நகல் எடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், டேலி கணக்கு, எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் போட்டு, திறந்து பார்த்த பிறகு கை வையுங்கள். விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள கம்ப்யூட்டர் என்றால் ஃபைல்களும் மென்பொருள்களும் அப்படியே இருக்க, உள்ளிருந்தே மேம்படுத்தலாம். அப்போதும் நகல் வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பது பழைய 32-பிட் வகை விண்டோஸ் என்றால் புதிதாகத்தான் போட்டாக வேண்டும், சரி. எஸ்எஸ்டி என்ற வேகமான புது டிஸ்க் மாட்டுகிறீர்களா? பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸர் பழசு என்று சொல்லி, நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்களை ஒதுக்கிவைத்த மைக்ரோசாஃப்ட் மீதும் எனக்குக் கோபம் உண்டு. புதிது வாங்க எத்தனை வீடுகளில் பணம் இருக்கிறது? ஆனால் அந்த நிறுவனம் எங்கள் தெருவில் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் கொடுக்கிறோம்.

அதனால் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: அழிப்பதற்கு முன் நகல் எடுங்கள். கம்ப்யூட்டரை வாங்கி வைக்கும்போது தரும் ரசீதிலேயே "டேட்டா நகல் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்து, நகல் எடுத்ததும் வாடிக்கையாளரிடம் காட்டி அதில் கையெழுத்து வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். அதற்கான நேரத்துக்குத் தனியாகக் கட்டணம் போடுங்கள், கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்