சி பிளாக் மாமாவின் சைக்கிள் விற்பனைக்கு

அனைவருக்கும் வணக்கம். சி பிளாக் மாமா மகள் வீட்டோடு கோவைக்குப் போகிறார். அவருடைய இங்கிலாந்து சைக்கிளை வெளியில் சொல்வதற்கு முன் நம் குழுவில் கேட்கச் சொன்னார்.

1. ஆர்டர் கொடுத்து, ஆள் அளவுக்குக் கையால் செய்த பிரேம். குழாய் ரெனால்ட்ஸ் 531. பர்மிங்காம் கம்பெனி 1935இல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு. அதனால்தான் இவ்வளவு லேசு. பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். துடைத்துப் பார்த்தால் 74 என்று ஆண்டு பொறித்திருக்கும். புரூக்ஸ் தோல் சீட்டில் வெடிப்பு இல்லை.

2. பெயின்ட் அசல், கீறல்கள் உண்டு. ‘புதுசா அடிச்சுடலாம்’ என்று மாமா காதுபடச் சொல்லாதீர்கள். மதிப்பே அந்தப் பழைய பெயின்டில்தான்!

3. பார்க்க: ஞாயிறு (16ஆம் தேதி) காலை 7 முதல் 9 வரை, சி பிளாக் பார்க்கிங். ஓட்டியும் பார்க்கலாம். பிரேம் பெரியது, குள்ளமானவர்களுக்குக் கால் எட்டாது.

4. ஆரம்ப விலை ரூ.60,000. உங்கள் விலையை அன்று இரவு 8 மணிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் வேண்டாம்.

5. காயலான் கடை விலை பேசுபவர்கள் மன்னிக்கவும்.

வருபவர்கள் சனி மாலைக்குள் பிளாக், வீட்டு எண்ணோடு ‘வருகிறேன்’ என்று இங்கே போடுங்கள்.